அரசிதழைப் படிக்காத வளைகோடு: மலேசியாவின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியைத் துறைவாரியாகக் கணித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2001-இல் மலேசிய அரசு ஒரு கணக்குப் போட்டது. எட்டாவது மலேசியத் திட்டம் முடியும் 2005-க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் இருந்து வரும், அதற்காக சுமார் 500 மெகாவாட் அளவுக்குச் சிறு மின்நிலையங்கள் எழும் என்பது திட்டம். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, நீர் என்று நான்காக இருந்த எரிபொருள் கொள்கை அப்போதுதான் ஐந்தானது. செம்பனைச் சக்கை (எண்ணெய்ப் பனைப் பழத்தில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கழிவு) மலைபோல் குவிந்து கிடக்கிற நாட்டில் 500 மெகாவாட் பேராசை என்று யாருக்கும் தோன்றவில்லை. 2005 முடிந்தபோது மின்கட்டமைப்பில் சேர்ந்திருந்தது 12 மெகாவாட்.

நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. சக்கை இல்லாமலா இப்படி ஆனது? இருந்தது. அதை எரித்து மின்சாரம் எடுக்கத் தெரிந்தவர்களும் ஆலைக்கு ஆலை இருந்தார்கள். ஆனால் மின்சாரத்துக்குக் கொடுத்த உச்ச விலை யூனிட்டுக்கு 17 சென் (நூறு சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்). வங்கிகள் கடன் தரத் தயங்கின. சக்கையை வாங்கி எரிக்கலாம் என்று ஒருவர் நிலையம் கட்டப் போனால், அதுவரை சும்மா கொட்டிக் கிடந்த வெறுங்குலைக்கு (பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலை) ஆலைக்காரர் விலை சொல்ல ஆரம்பித்தார். மூலப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துக் கணித்தார்கள். யார் எந்த விலைக்கு ஒப்பந்தம் போடுவார்கள் என்பதை யாரும் கணிக்கவில்லை.

இந்தப் பழைய கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு வாடிக்கையாளர் எங்களிடம் கேட்டது இதுதான்: மலேசியாவில் 2035 வரை புதுப்பிக்கத்தக்க எரிசக்தி எந்தத் துறையில் எவ்வளவு பயன்படும்? வீடு, வணிகம், தொழில், போக்குவரத்து, மின்உற்பத்தி என்று ஐந்து வரிசை வேண்டும். விவசாயத்தைத் தனியாகப் பார்த்தோம். எண் மிகச் சிறியது, தொழில்துறையோடு சேர்த்துவிட்டோம்.

ஆரம்பத்திலேயே இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒன்று, பழைய எண்களைக் கொடுத்தால் அடுத்த எண்களைத் தரும் வளைகோட்டு முறை. இன்னொன்று, ஒவ்வொரு துறையிலும் அந்த எண்ணை உண்மையில் முடிவு செய்வது யார் என்று தேடிப் பிடித்து, அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது. இரண்டாவது வழிதான் உருப்படியானது என்பது என் கட்சி. முதல் வழி எங்கே எப்படிச் சறுக்குகிறது என்பதைக் காட்டாமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை என்பதால் அதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

தரவு என்று என்ன இருக்கிறது

இந்தத் துறையில் வெளிவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கத் தரவை எடுத்துக்கொள்கிறது. குறை சொல்ல முடியாது. அந்நாட்டு எரிசக்தித் தகவல் நிர்வாகம் வீடு, வணிகம், தொழில், போக்குவரத்து, மின்துறை என்று ஐந்தாகப் பிரித்து, 1973-இல் தொடங்கி மாதாமாத எண்களைக் கொடுக்கிறது. பல நூறு புள்ளிகள். எந்த மாடலையும் அதில் ஓட்டிப் பார்க்கலாம்.

நமக்குக் கிடைப்பது எரிசக்தி ஆணையம் வெளியிடும் தேசிய எரிசக்திச் சமநிலை அறிக்கை. ஆண்டுக்கு ஒரு எண். அந்த எண்ணும் வெளிவரும்போது பழசாகியிருக்கும். சூரிய மின்சாரத்துக்கு உருப்படியான வரிசை 2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்து, நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடா அமைந்த பிறகுதான் தொடங்குகிறது. ஆக, கையில் இருப்பது பத்துப் பதினைந்து புள்ளிகள்.

அதைவிடப் பெரிய தொல்லை வரையறை. 2018-இல் அரசு வைத்த இலக்கு, 2025-க்குள் மின்உற்பத்தியில் 20 விழுக்காடு. 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய அணைகள் அதில் சேர்த்தியில்லை. 2021 டிசம்பரில் வந்த வழித்திட்டம் 2025-க்கு 31 விழுக்காடு, 2035-க்கு 40 விழுக்காடு என்றது. இலக்கு ஒரேயடியாக ஏறியதுபோலத் தெரிகிறதல்லவா? இந்த முறை பெரிய அணைகளும் கணக்கில் உண்டு, அளப்பதும் நிறுவுதிறனை, அதாவது நிலையங்கள் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய உச்ச அளவை. 2023-இல் வந்த தேசிய எரிசக்தி மாற்ற வழித்திட்டம் 2050-க்கு 70 விழுக்காடு என்கிறது, அதுவும் நிறுவுதிறன்தான்.

நிறுவுதிறனையும் உண்மையில் கிடைக்கும் மின்சாரத்தையும் ஒன்றாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சரவாக்கின் பாக்குன் அணை 2,400 மெகாவாட். 2024-இல் அறிவிக்கப்பட்ட ஐந்தாம் சுற்றுப் பெரும் சூரியப் பண்ணை ஏலம் 2,000 மெகாவாட். பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் நம் வெயிலில் ஒரு மெகாவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 1,300 மெகாவாட்-மணி கொடுக்கும் என்று வைத்தால் அந்த 2,000 மெகாவாட்டில் கிடைப்பது 2.6 டெராவாட்-மணி (ஒரு டெராவாட்-மணி பத்து லட்சம் மெகாவாட்-மணி). பாக்குன் முழுத் திறனில் 65 விழுக்காடு அளவுக்கு ஓடுகிறது என்று வைத்தால் 13.7. ஐந்து மடங்கு வித்தியாசம். அறிக்கை எழுதும் பலர் இதை மறந்துவிட்டு விழுக்காட்டை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள்.

வரையறை மாறினால் வரிசையே உடையும் என்பது நமக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2023-இல் காற்று, சூரியன், நீர் மின்சாரத்தை முதன்மை எரிசக்தியாக மாற்றும் முறையை மாற்றியது. முன்பு, அதே மின்சாரத்தை எரிபொருள் எரித்து எடுத்தால் எவ்வளவு வெப்பம் தேவையோ அவ்வளவாகக் கணக்கிட்டார்கள். இப்போது மின்சாரத்தில் உள்ள ஆற்றலை மட்டுமே எடுக்கிறார்கள். மொத்தப் பயன்பாட்டில் 13 விழுக்காடு என்று சொல்லிக்கொண்டிருந்த பங்கு 9 ஆகிவிட்டது. ஒரு காற்றாலைகூட நிற்கவில்லை. பழைய முறையில் பயிற்சி கொடுத்த மாடலைப் புதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பவர் பாவம்.

வளைகோடு கொடுத்த 20

தரவு குறைவாக இருக்கும் இடத்தில் எல்லாரும் எடுப்பது கிரே மாடல். சீனப் பேராசிரியர் டெங் ஜூலோங் 1982-இல் முன்வைத்தது. நான்கு புள்ளிகள் இருந்தாலே போதும். வரிசையை ஒன்றோடொன்று கூட்டிக்கொண்டே போய், அந்தக் கூட்டுத்தொகைக்கு ஓர் அடுக்குக்குறிக் கோட்டைப் பொருத்தி, பிறகு கழித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். எக்செல்லிலேயே போட்டுவிடலாம். அதன் புகழுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

போக்குவரத்துத் துறையில் இதை ஓட்டிப் பார்த்தோம். அங்கே புதுப்பிக்கத்தக்கது என்று சொன்னால் ஏறக்குறைய எல்லாமே செம்பனை எண்ணெயில் இருந்து செய்து டீசலில் கலக்கும் பயோடீசல்தான். எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்கள் ஓடும் மின்சாரத்திலும் ஒரு பங்கு உண்டு, சின்னது. கலப்பு வரலாறு இப்படி: 2011-இல் புத்ராஜெயாவில் பி5, அதாவது டீசலில் 5 விழுக்காடு கலப்பு, தொடங்கியது. 2014 கடைசியில் பி7 வந்து, 2015-இல் நாடு முழுக்கப் பரவியது. பி10 வரும் வரும் என்று 2015-இலேயே பேச்சு; பலமுறை தள்ளிப்போய் 2019 பிப்ரவரியில் கட்டாயமானது.

2015 முதல் 2019 வரை கலப்பு விழுக்காடு 7, 7, 7, 7, 10. இந்த ஐந்து எண்களைக் கிரே மாடலில் போட்டால் கோடு 2016-க்கு 6.3, 2017-க்கு 7.2, 2018-க்கு 8.1, 2019-க்கு 9.2 என்று போகிறது. சராசரிப் பிழை 9 விழுக்காடு. பத்துக்குக் கீழே இருந்தால் நல்ல மாடல் என்று இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆக, கட்டுரைக்கு ஏற்ற மாடல். அதையே முன்னால் ஓட்டினால் 2020-க்கு 10.5, 2022-க்கு 13.4, 2025-க்கு 19.6.

2025-இல் தீபகற்பத்தில் பெட்ரோல் நிலையங்களில் பெரும்பாலும் கிடைத்தது என்ன? பி10-தான். பி20 2020 ஜனவரியில் லங்காவியில் தொடங்கியது, பிறகு லாபுவான், பிந்துலு நீங்கலாகச் சரவாக் என்று போய் அங்கேயே நின்றது. கோவிட் வந்தது, அதிகக் கலப்புக்கு எரிபொருள் கிடங்குகளில் வேண்டிய கலவை வசதிகளுக்குப் பணம் வேண்டும், நடுவில் செம்பனை எண்ணெய் விலை உச்சத்துக்குப் போனது.

இங்கே கவனிக்க வேண்டியது, 8.1 என்ற கலப்பு மலேசியாவில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது. 7-க்கும் 10-க்கும் நடுவில் எதுவும் இல்லை. இது படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஓர் அரசாணை. அடுத்த படி எப்போது, எவ்வளவு உயரம் என்பது முந்தைய படிகளின் எண்ணில் எழுதியில்லை. கிரே மாடல் ஐந்து எண்களில் ஒரே ஒரு ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, அதையே ஆண்டுக்கு 13 விழுக்காடு வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டது.

சரி, அரசாணையை நம்பினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2007-இல் போட்ட எரிபொருள் சட்டம், 2022-க்குள் 3,600 கோடி கேலன் உயிரி எரிபொருள் கலக்க வேண்டும் என்றது. அதில் 1,600 கோடி கேலன் புல், தண்டு போன்றவற்றில் இருந்து எடுக்கும் எத்தனால். அந்த எத்தனால் சந்தைக்கு வரவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் வந்தது. சுற்றுச்சூழல் முகமை இலக்கைக் குறைத்துக்கொண்டே போனது. ஆணை என்பது மேல்வரம்பு. அதற்குக் கீழே, கலவை வசதி எங்கே தயாராக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் பி20-ஐக் கிடங்கு வாரியாகப் பிரித்து வைத்தது அதனால்தான்.

இன்னொரு சிக்கல், கலப்பு விழுக்காட்டை எதனோடு பெருக்குவது என்பது. டீசல் விற்பனையோடு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் போய், லிட்டர் 2.15 வெள்ளியில் இருந்து 3.35 ஆனது. நிலையங்களில் விற்பனை குறைந்தது. காரணம் லாரிக்காரர்கள் ஓட்டாமல் விட்டதாலா? எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டிருந்த டீசலும், மானிய விலையில் வாங்கித் தொழிற்சாலையில் ஊற்றிக்கொண்டிருந்த டீசலும் குறைந்தது பெரிய காரணம். கடத்தப்பட்ட டீசலிலும் 10 விழுக்காடு செம்பனைப் பயோடீசல் இருந்தது! அதுவும் இத்தனை ஆண்டுகளாக ‘மலேசியப் போக்குவரத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ என்று ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இதை எந்த வளைகோடு சொல்லும்?

எடை போடாத சக்கை

தொழில்துறைதான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

மலேசியாவில் நானூறுக்கு மேற்பட்ட செம்பனை ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் கொதிகலனில் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துத் தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது. மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் மீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கக் காகித ஆலைகள் மரக்கூழில் மிஞ்சும் கருநீரை எரிப்பதும் இதே வகை. அங்கே தொழில்துறையின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் பெரும்பங்கு அப்படி வருவதுதான். சூரியனையும் காற்றையும் பற்றியே பேசுகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

சிலாங்கூர் கடலோரப் பக்கம் ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். பிழிவான் பக்கத்தில் இருந்து நார் பட்டையில் ஏறிக் கொதிகலன் வாய்க்குப் போகிறது. கொதிகலன் பார்ப்பவர் நம்மவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அழுத்தமானி 20 பாரைச் சுற்றி ஆடுகிறது. அவர் அதை ஒரு கண்ணாலும் நெருப்பை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு கொட்டை ஓட்டின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார்.

“அண்ணே, இந்த நாரை எடை போடுறதில்லையா?”

“எதுக்குத் தம்பி? பழம் எத்தனை டன்னு எடைமேடையில தெரியும். அதுல இருந்து நார் தானா வரும்.”

அவர் ஏட்டில் இருந்தது பழத்தின் டன், அழுத்தம், நீர்மட்டம், ஓடிய மணிநேரம். நார் எவ்வளவு எரிந்தது என்ற பத்தியே இல்லை. நாடு முழுக்க இதே நிலைதான். எனவே தேசிய அளவில் ‘தொழில்துறை உயிர்ப்பொருள் பயன்பாடு’ என்று ஓர் எண் வந்தால், அது பழத்தின் எடையை ஒரு விகிதத்தால் பெருக்கி வந்ததாகவே இருக்கும். அப்படியென்றால் கணிக்க வேண்டியதும் பழத்தையும் அந்த விகிதத்தையும்தான்.

விகிதங்கள் ஓரளவு தெரிந்தவை. ஒரு டன் குலையில் சுமார் 13 விழுக்காடு நார், 5 முதல் 6 விழுக்காடு ஓடு, 20-ஐ ஒட்டி வெறுங்குலை. டன்னுக்கு 20 யூனிட் அளவில் மின்சாரம் செலவாகும். மணிக்கு 60 டன் ஆலை என்றால் 1.2 மெகாவாட். இதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே நாரும் ஓடும் கிடைக்கின்றன. பல ஆலைகளில் சக்கையைத் தீர்ப்பதே கொதிகலனின் ஒரு வேலையாக இருந்தது. திறனைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கவலை வந்தது கொட்டை ஓட்டுக்கு விலை வந்த பிறகு. ஜப்பான் 2012 ஜூலையில் தன் நாட்டில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிலையான விலை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே உயிர்ப்பொருள் மின்நிலையங்கள் முளைத்தன. எரிக்க எது கிடைக்கும் என்று தேடியவர்கள் கண்ணில் நம் கொட்டை ஓடு பட்டது: காய்ந்தது, கனமானது, கப்பலில் ஏற்றத் தோதானது. ஆலைக்காரர் இப்போது நாரை மட்டும் எரித்துச் சமாளித்துவிட்டு ஓட்டை விற்கிறார். அதே ஓடு, அதே நெருப்பு. ஆனால் ஏட்டில் அது ஜப்பானின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி. மலேசியத் தொழில்துறையின் எண் குறைய, தோக்கியோவில் முடிவான ஒரு விலை காரணமாகிவிடுகிறது.

பழத்தைக் கணிப்பதற்கு வானிலை வேண்டும். 2015-இல் மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1 கோடியே 99 லட்சம் டன். எல் நினோ வறட்சிக்குப் பிறகு 2016-இல் 1 கோடியே 73 லட்சம். அடுத்த ஆண்டே பழைய நிலைக்கு ஏறிவிட்டது. வறட்சி வந்த உடனே குலை குறையாது. மரம் பூ எடுக்கும் காலத்தில் அடிபட்டு, மாதங்கள் கழித்துத் தெரியும். இந்தத் தாமதம் நமக்கு ஒரு வரம். எல் நினோ அறிவிப்பு வந்தால் தொழில்துறை வரிசையை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். கோவிட் காலத்தில் வெட்ட ஆளில்லாமல் குலை மரத்திலேயே அழுகியதைத்தான் எந்த மாடலும் முன்பே சொல்லியிருக்காது.

ஆலைக் கழிவுநீரில் இருந்து வரும் வாயு தனிக் கணக்கு. டன் குலைக்கு முக்கால் கனமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிவுநீர். ஒரு கனமீட்டர் கழிவுநீரில் சுமார் 28 கனமீட்டர் வாயு. அதில் அறுபது விழுக்காட்டை ஒட்டி மீத்தேன். 60 டன் ஆலைக்கு, ஓடும் நேரத்தில், இரண்டு மெகாவாட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் ஆலைகள் தோட்டத்துக்குள் இருக்கின்றன, மின்கம்பி ஊரோரமாகப் போகிறது. பக்கத்துத் துணைமின்நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அந்த வாயு மின்சாரமாகுமா, குளத்திலேயே குமிழியிட்டுப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. நாங்கள் ஆலைகளை அந்தத் தூரத்தை வைத்து இரண்டாகப் பிரித்தோம். தூரமானவற்றுக்குப் பூச்சியம் போட்டோம். கடுமையாகத் தோன்றலாம். 12 மெகாவாட் கதையைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கூரையும் பில்லும்

வீட்டுத் துறையை எடுத்தால், வழக்கமாகச் செய்வது: நாட்டில் எத்தனை தரைவீடு, எத்தனை கூரை, அதில் இத்தனை விழுக்காடு பேர் பேனல் போடுவார்கள் என்று, மெல்லத் தொடங்கி வேகமாக ஏறிப் பிறகு தட்டையாகும் ஒரு எஸ் வடிவக் கோடு. கோலாலம்பூரில் அப்படிக் கணக்குப் போட்டால் முதல் படியிலேயே இடறும். நம் ஆட்களில் எத்தனையோ பேர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். கூரை யாருடையது?

செகாம்புட்டில் இருக்கும் என் மாமாவுக்கு இரண்டு மாடி இணைவீடு. குளிர்சாதனம் மூன்று ஓடும். பில்லை நீட்டி ஒருநாள் கேட்டார்: “மாப்பிள்ளை, கே.டபிள்யூ.டி.பி.பி.ன்னு ஒண்ணு பிடிக்கிறானே, அது யாருக்குப் போகுது?”

நல்ல கேள்வி. அது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. 2011 டிசம்பரில் பில்லில் 1 விழுக்காடாகத் தொடங்கி 2014 ஜனவரியில் 1.6 ஆனது. மாதம் 300 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கிடையாது. அந்த நிதியில் இருந்துதான் செடா, நிலையான விலைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மின்சாரத்துக்குப் பணம் கொடுத்தது. ஆக, அந்தத் திட்டத்தில் எத்தனை கூரை சேரலாம் என்பதை அந்த 1.6 விழுக்காடு வசூல்தான் கட்டுப்படுத்தியது. ஒதுக்கீடு திறந்தால் உடனே தீர்ந்துவிடும். மக்கள் ஆர்வத்தை வைத்து வளைகோடு வரைந்தவர்கள் வாசலில் நின்ற கூட்டத்தை எண்ணினார்கள். உள்ளே எத்தனை நாற்காலி என்று பார்க்கவில்லை. 

2016-இல் நிகர அளவீட்டு முறை வந்தது: கூரையில் மிஞ்சும் மின்சாரத்தை வெளியே அனுப்பி, அதன் மதிப்பைப் பில்லில் கழித்துக்கொள்வது. 2019-இல் அதை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள்: நீங்கள் அனுப்பும் யூனிட்டும் வாங்கும் யூனிட்டும் சமம். நிதியின் கட்டு இங்கே இல்லை. அப்புறம்தான் வீட்டுக் கூரைகள் உண்மையில் மின்ன ஆரம்பித்தன. ஆனால் எந்த வீட்டுக் கூரை?

2025 ஜூலைக்கு முந்தைய கட்டணத்தில் முதல் 200 யூனிட் 21.80 சென், அடுத்த 100 யூனிட் 33.40, அதற்கு மேல் 600 வரை 51.60, பிறகு 900 வரை 54.60. மாதம் 800 யூனிட் ஓட்டும் மாமா வீட்டுக்கு 341 வெள்ளி. 4 கிலோவாட் பேனல் மாதம் 417 யூனிட் கொடுத்தால், மிஞ்சுவது 383 யூனிட், பில் 120 வெள்ளி. 221 வெள்ளி மிச்சம். அதே பேனலை 300 யூனிட் ஓட்டும் வீட்டில் போட்டால், மொத்த பில்லே 77 வெள்ளிதான். அதற்கு மேல் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. சூரியன் எல்லாக் கூரைக்கும் ஒன்று. சென் கணக்கு ஒன்றில்லை. எனவே எங்கள் கோட்டின் உச்சவரம்பு கூரைகளின் எண்ணிக்கையில் இல்லை, சொந்தக் கூரையும் 600 யூனிட்டுக்கு மேல் பில்லும் சேர்ந்து இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. இது எவ்வளவோ சிறிய எண்.

பிறகு 2025 நடுவில் நிகர அளவீட்டுத் திட்டம் மூடப்பட்டது. அதே ஜூலையில் கட்டண அமைப்பே மாறி, பில் ஆற்றல், திறன், கட்டமைப்பு என்று தனித்தனியாகப் பிரிந்தது. 2026-க்கு சோலார் அத்தாப் என்ற புதிய திட்டம். விதிகள் வேறு, அனுப்பும் யூனிட்டின் மதிப்பு வேறு. 2019 முதல் 2025 வரை உள்ள வரிசையை எடுத்து 2030-க்கு நீட்டுவது, ஆடுகளம் மாறிய பிறகு பழைய ஆட்டத்தின் ஸ்கோரை நீட்டுவது மாதிரி. நாங்கள் அந்த வரிசையை 2025-இல் வெட்டிவிட்டோம்.

இன்னொன்று: மாமா வீட்டு இருவழி மீட்டர், உள்ளே வருவதையும் வெளியே போவதையும்தான் காட்டும். பகலில் பேனலில் இருந்து நேரே குளிர்சாதனத்துக்குப் போன யூனிட் அந்த மீட்டருக்குத் தெரியாது. தேசியக் கணக்கில் அது ‘தேவை குறைந்தது’ என்று பதிவாகும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி கூடியதாக ஏறாது. மொட்டைமாடியில் இருக்கும் சூரிய வெந்நீர்த் தொட்டிக்கும் இதே கதி. நாங்கள் நிறுவுதிறனில் இருந்து உற்பத்தியைக் கணக்கிட்டு, வெளியே போனதைக் கழித்து, மீதியை வீட்டுத் துறையில் சேர்த்தோம்.

வணிகத்துறையில் பேசுவதற்குச் சிக்கல் ஒன்றுதான்: இரட்டை எண்ணிக்கை. பேராங்காடி தன் கூரையில் பேனல் போட்டால் அது வணிகத்துறை. பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் ஒரு சில்லுத் தொழிற்சாலை, வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகப் பசுமைக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கினால், அதை உற்பத்தி செய்த சூரியப் பண்ணை ஏற்கெனவே மின்துறை வரிசையில் இருக்கிறது. நிறுவனம் தன் அறிக்கையில் ‘எங்கள் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி’ என்று எழுதும். இரண்டையும் கூட்டினால் நாடு பச்சைப்பசேல். நாங்கள் உற்பத்தியை மின்துறையிலேயே வைத்துவிட்டு, யார் வாங்கினார்கள் என்பதைத் தனிப் பத்தியில் போட்டோம். தரவு மையங்கள் பெருகும் ஜோகூருக்கு இந்தப் பத்தி இனி நீளும்.

அணை எப்போது வரும்

மின்துறையின் எண்ணைத் தூக்கி நிறுத்துவது சரவாக். பாக்குன் 2011 ஆகஸ்ட்டில் முதல் டர்பைனை ஓட்டி 2014-இல் முழுத் திறனை எட்டியது. பின்னாலேயே 944 மெகாவாட் முரும் அணையும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் 3,300 மெகாவாட்டுக்கு மேல்.

2010-இல் தரவை நிறுத்தி, 2015-ஐக் கணிக்கச் சொல்லி ஒரு சோதனை வைத்தால் வளைகோட்டு முறைக்கு இந்த ஏற்றம் தெரியவே தெரியாது. 2015-இல் நிறுத்தி 2020-ஐக் கேட்டால், இரண்டு அணைகளின் ஏற்றத்தை வழக்கமான வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு இல்லாத இன்னும் சில அணைகளைக் கட்டிவிடும். ஆனால் 2010-இல் செய்தித்தாள் படித்த யாருக்கும் பாக்குன் வருவது தெரியும். அந்த ஆண்டு அக்டோபரில் நீர் தேக்கவே தொடங்கிவிட்டார்கள்.

அதற்காகத் திட்டப் பட்டியலை வேதவாக்காக எடுக்கவும் முடியாது. பாக்குன் 1980-களில் பேசி, 1994-இல் ஒப்பந்தம் விட்டு, 1997 நிதி நெருக்கடியில் கிடப்பில் போய், மீண்டும் எழுந்தது. தீபகற்பத்துக்குக் கடலடிக் கம்பி போடும் திட்டம் கைவிடப்பட்டது. எனவே தேசியப் பங்கு என்று ஒரு விழுக்காடு சொன்னாலும், கோலாலம்பூரில் கொதிக்கும் கெண்டிக்குப் பாக்குன் மின்சாரம் ஒரு சொட்டும் வருவதில்லை. நாங்கள் மின்துறை வரிசையைத் தீபகற்பம், சபா, சரவாக் என்று மூன்றாக உடைத்தோம். வாடிக்கையாளர் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது.

சூரிய ஏலங்களில் தாமதம் வேறு விதம். 2020-இல் விட்ட நான்காம் சுற்றில் குறைந்த விலை கேட்டு வென்றவர்கள், பேனல் விலை ஏறியதும் திணறினார்கள். ஒப்பந்தக் காலத்தை 21 ஆண்டில் இருந்து 25 ஆக நீட்டிக் கொடுத்த பிறகே பலருக்கு மூச்சு வந்தது. இதை வைத்து ஒரு விதி போட்டோம்: ஏலத்தில் மிகக் குறைந்த விலை கேட்ட திட்டங்களுக்கு அதிகத் தாமதம் சேர்ப்பது. நிலம் கையில் இருக்கிறதா, துணைமின்நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்பதற்கும் தனித்தனி மதிப்பு.

கடைசியில் கொடுத்தது

வாடிக்கையாளர் 2035-க்கு ஐந்து எண்களை எதிர்பார்த்தார். நாங்கள் கொடுத்தது ஐந்து வரிசை. ஒவ்வொன்றிலும் கீழ்வரம்பும் மேல்வரம்பும், பக்கத்தில் எப்போது அந்த வரிசையைத் திறந்து திருத்த வேண்டும் என்ற குறிப்பும். போக்குவரத்துக்கு: தீபகற்பத்துக்கான பி20 ஆணை வரும் நாள், டீசல் விலை மாறும் நாள். தொழிலுக்கு: எல் நினோ அறிவிப்பு, ஜப்பானின் கொள்முதல் விதி மாற்றம். வீட்டுக்கு: சோலார் அத்தாப்பின் முதல் முழு ஆண்டுக் கணக்கு. மின்துறைக்கு: சரவாக்கில் கட்டிக்கொண்டிருக்கும் 1,285 மெகாவாட் பாலே அணையில் நீர் தேக்கத் தொடங்கும் நாள், ஒவ்வொரு சூரிய ஏலத்துக்கும் கடன் முடிவாகும் நாள்.

கூட்டத்தில் அவர்கள் பக்கத்து அதிகாரி, “இவ்வளவு அகலமான வரம்பை வைத்து நான் மேலிடத்தில் என்ன சொல்வது?” என்று கேட்டார். நியாயமான எரிச்சல். வரம்பு எங்கே அகலம் என்று பிரித்துக் காட்டினோம். மின்துறையில் பாதிக்கு மேல் பாலே எந்த ஆண்டு ஓடும் என்ற ஒரே கேள்வி. வீட்டில் கட்டண விதி. போக்குவரத்தில் ஒரு கையெழுத்து. தொழில்துறையில் மட்டும் வரம்பு குறுகலாக இருந்தது, பழம் அப்படி ஒன்றும் ஓடிவிடாது என்பதால். அவர் தொழில்துறை வரிசையையும் சூரிய ஏலப் பட்டியலையும் உடனே எடுத்துக்கொண்டார்; போக்குவரத்துக்குப் பி10-ஐயே வைத்து ஒரு கணக்கும் பி20-ஐ வைத்து ஒரு கணக்கும் தனித்தனித் தாளில் கேட்டார். அடுத்த வாரம் அனுப்பினோம். கிரே மாடல் கொடுத்த 19.6 அந்த இரண்டு தாள்களிலும் இல்லை.